பீப்பாய்க் கணக்கு

பிபி எண்ணெய் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட் இரண்டு காரியங்களுக்காக இன்றும் கேலிக்கு ஆளாகிறார். 2010 மே மாதம், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்த வேளையில், 'என் பழைய வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும்' என்று அலுத்துக்கொண்டார். அடுத்த மாதம் இங்கிலாந்தில் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போய்விட்டார். டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட நிறையவில்லை.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்ற பாடத்துக்கு மக்கள் தொடர்புத் துறையினர் இவரைத்தான் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆனால் அந்தப் பேச்சால் ஒரு இறால்கூடச் சாகவில்லை. ஆபத்தானது, பதற்றமே இல்லாமல் அறிக்கைகளில் வந்த ஒரு எண்.

நாளுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்றார்கள் முதலில். சில நாளிலேயே அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் அதை 5,000 ஆக்கினார்கள். நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நெருக்கியதால் கடலடிக் கேமராவின் படம் வெளியே வந்தது. அதைப் பார்த்த வெளி விஞ்ஞானிகள், கசிவு பல்லாயிரம் பீப்பாய் என்றார்கள். தொடக்கத்தில் நாளுக்கு 62,000 பீப்பாய் வரை வெளியேறியது என்பது அரசின் பிந்தைய மதிப்பீடு. கிணறு அடைபட 87 நாள் ஆனது.

சின்ன எண்ணின் மீது ஏன் இத்தனை பிடிவாதம்? அமெரிக்கத் தூய நீர்ச் சட்டப்படி அபராதம் பீப்பாய்க் கணக்கில்தான்: அப்போது ஒன்றுக்கு 1,100 டாலர் வரை, பெரும் அலட்சியம் என்று நிரூபணமானால் 4,300 டாலர் வரை. கசிவைக் குறைத்துச் சொன்னால் மானமும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

இடையில் 5 கோடி டாலருக்குத் தொலைக்காட்சி விளம்பரம். அதில் ஹேவர்ட் மன்னிப்புக் கேட்டார். 'எண்ணெய்க் கசிவு' என்று இணையத்தில் தேடுவோர் கண்ணில் தன் பக்கமே முதலில் படும்படியும் நிறுவனம் காசு கொடுத்து ஏற்பாடு செய்தது.

2012 நவம்பரில் நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டது. 11 பேரின் சாவுக்குக் காரணமானது ஒன்று. கசிவின் அளவை மறைத்து நாடாளுமன்ற விசாரணையைத் தடுத்தது இன்னொன்று. அதே அளவு விஷயத்தில் முதலீட்டாளர்களைத் திசைதிருப்பியதற்கு 52.5 கோடி டாலர் தனியாகக் கட்டியது.

கசியவிட்டவரிடமே அளவுகோலைக் கொடுத்ததுதான் கோளாறு. கிணறு தோண்ட அனுமதி தரும்போதே, விபத்து நேர்ந்தால் கேமராப் படமும் அழுத்த அளவீடுகளும் முதல் நாளிலேயே பொதுவெளிக்கு வர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். செய்தியாளர்களும் மன்னிப்பின் தொனியை ஆராய்வதை விட்டு, யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்று கேட்கலாம்.

ஹேவர்ட் 2010 அக்டோபரிலேயே பதவியை விட்டுப் போனார். கணக்கு வழக்கு மட்டும் ஓயவில்லை: அரசு 42 லட்சம் பீப்பாய் என்றது, நிறுவனம் 24.5 லட்சம் என்றது, 2015இல் நீதிபதி 31.9 லட்சம் என்று முடிவு செய்தார். அந்த ஆண்டே 2,080 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.