பெட்டி போச்சு, பூட்டு போகல

பிலிம் செத்துப்போச்சுன்னு கண்ணீர் விடுகிறவர்களின் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2012இல் கோடாக் திவால் மனு போட்டது, 2013இல் ஃப்யூஜி சினிமா பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. அதிலிருந்து இந்த ஒப்பாரி ஓயவில்லை. 'செல்லுலாய்டின் அழகியல்' என்கிறார்கள். யாருடைய அழகியல்? நிறம் சரியா வந்திருக்கான்னு பார்க்க போட்டோ லேப்களுக்கு கோடாக் கொடுத்த மாதிரி அட்டையில் பல காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தராசில் கறுத்த தோல் எப்போதும் பிழைதான்.

அதோடு காசு. 35 எம்.எம்.மில் நிமிடத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. எடுத்து வெட்டிப் போட்டது தனி. கழுவ, பிரதி போட, பெட்டி அனுப்ப எல்லாத்துக்கும் பணம். சேரிக்காரன் அந்த வாசலில் பெட்டி தூக்கலாம், படம் எடுக்க முடியாது. 1986இல் ஜான் ஆப்ரகாம் மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தது விதிவிலக்கு.

டிஜிட்டல் அந்த வாசலை உடைத்தது, மறுக்கவில்லை. மலம் அள்ள வைக்கப்பட்ட நம் மக்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தது. பிலிம் காலத்தில் இதுக்கு எவன் முதல் போட்டிருப்பான்? ஆனால் நடந்தது என்ன? திரையிட போலீஸ் அனுமதி மறுத்தது. யூடியூப்பில் ஏற்றித்தான் ஜனங்களிடம் கொண்டுபோக முடிந்தது.

தியேட்டரிலும் இதே கதைதான். பெட்டிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க். அதைத் திறக்க ஒரு சாவி, அந்தச் சாவிக்கும் கெடு தேதி. 2018 மார்ச்சில் டிஜிட்டல் கம்பெனிகளின் கட்டணத்தை எதிர்த்து தமிழ்த் தயாரிப்பாளர்களே புதுப்படங்களை நிறுத்தினார்கள். முதலாளிக்கே இந்தக் கதி என்றால் நம்ம படத்துக்கு? கருவி கைக்கு வந்தது, திரை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி, தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்ததற்காக அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அந்த 'விகதகுமாரன்' படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. செல்லுலாய்டு நம் முகத்தைக் காப்பாற்றவில்லை. டிஜிட்டலும் தானாகக் காப்பாற்றாது. டிஸ்க் பழுதானால் ஒரே நொடியில் எல்லாம் போச்சு.

களத்தில் போனில் படம் பிடிக்கும் தோழர்களே, மாணவர்களே! ஊர், தேதி குறித்து மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். வேட்டியைத் திரையாகக் கட்டித் தெருவில் காட்டுங்கள். தடுக்க வந்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதமும் நம் ஆவணம்தான்.