புத்தகத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

நான் பத்தாவது வரை படித்தவள். கோவில்பட்டி பக்கம் வாழ்க்கைப்பட்டு பதினைந்து வருஷம் ஆகிறது. பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் கதைப் புத்தகம் என்றால் எனக்கு உயிர்.

பிறந்த வீட்டில் அம்மா, வாரப் பத்திரிகையில் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார். அரைப் பரீட்சை லீவு வந்தால் அதோடுதான் இருப்பேன். ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களை மட்டும் கரையான் தின்றுவிட்டது. முடிவு தெரியாமலே கல்யாணமாகி வந்துவிட்டேன்.

இங்கே அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) எழுதப் படிக்கத் தெரியாது. "பட்டப் பகல்ல பொம்பள புஸ்தகத்தை வச்சிட்டு உக்காந்தா வீடு விளங்குமா?" என்பார். அதே அத்தை சாயங்காலம் சீரியல் போட்டால், "வாம்மா, வந்து பாரு" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். டி.வி. பார்த்தால் ஓய்வு, புத்தகம் படித்தால் சோம்பேறித்தனம். இது என்ன நியாயம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என்னவர் தன் நூலக கார்டில் எப்போதாவது எடுத்து வரும் புத்தகத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துப் படிப்பேன். அவர் மறந்துவிட்டால் மாசக்கணக்கில் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் ஐந்தாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: "ஏம்மா, ஆச்சி வந்தா ஒளிச்சு வைக்கியே, அது கெட்ட புஸ்தகமா?"

எனக்கு சுருக்கென்றது. புத்தகம் படிப்பது திருட்டுத்தனம் என்று நானே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேனே! மறுநாளே ரேஷன் கார்டு நகலோடு எங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் போய் என் பேரில் உறுப்பினர் கார்டு வாங்கினேன். கட்டிய பணம் சொற்பம்தான். முதலில் எடுத்தது, நீங்கள் நினைப்பது சரிதான், 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகம்!

அடுத்து எடுத்தது ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர்களின் கதை. அத்தைக்குப் பிறந்த ஊர் தூத்துக்குடி. அவர் முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது.

"எங்க அக்காவும் அளத்து வேலைக்குத்தான் போனா. கால் வெடிப்பு ஆறவே ஆறாது. ராத்திரி எரியுதுன்னு அழுவா. நான்தான் எண்ணெய் போட்டு விடுவேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது தோழிகளே. நானும் கேட்டதில்லை.

மறுநாள் அவரே, "அந்தப் பொன்னாச்சிப் பிள்ளைக்கு என்ன ஆச்சு? வந்து படி. காயை நான் நறுக்குதேன்" என்றார்!

ராஜம் கிருஷ்ணன் சின்ன வயதிலேயே கல்யாணமானவர். காலேஜ் வாசல் மிதிக்காதவர். அந்தந்த ஊருக்கே போய், மக்களோடு பழகி, அதன் பிறகுதான் எழுதுவாராம். 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கினார். 2009-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. 2014-ல் காலமானார். அவர் எழுதியது நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். நாம் படிக்காவிட்டால் யார் படிப்பது?

இன்னொரு விஷயம். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி நம்மிடம் வாங்குவது அது. ஆக, நூலகத்தில் இருக்கும் புத்தகத்தில் நம் வீட்டுக் காசும் இருக்கிறது. கணவர் பேரிலோ பிள்ளை பேரிலோ கார்டு இருந்தால் போதாதா என்று நினைக்காதீர்கள். அவர்கள் எடுத்து வருவதைத்தான் நாம் படிக்க முடியும். நம் பேரில் இருந்தால் நமக்குப் பிடித்ததை நாமே எடுக்கலாம்.

காய்கறி வாங்கப் போகும் வழியில் ஒரு கால் மணி நேரம் நூலகத்துக்குள் நுழைந்துவிட்டு வாருங்கள். வாங்கி வந்த புத்தகத்தை ஒளிக்காமல் கூடத்திலேயே வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தவணைத் தேதியை ஞாபகப்படுத்துவது யார் தெரியுமா? எங்கள் அத்தைதான்!

- ஒரு வாசகி, கோவில்பட்டி