பொய்ம்மணம்

கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் மருத்துவம். குடிகாரனுக்கும் அதுவே, ஊர்சுற்றிக்கும் அதுவே. பெண்ணின்பால் நாட்டமே இல்லாது ஆடவனையே விழையும் இளைஞனுக்கும் அதே மருந்தைப் புகட்டுகின்றனர். முன்னிருவருக்கே பயன்படாத மருந்து மூன்றாமவனுக்கு எங்ஙனம் பயன்படும்?

இது தமிழருக்கு மட்டும் உரிய நோயன்று. தைவான் நாட்டு இயக்குநர் ஆங் லீ 1993-இல் எடுத்த 'திருமண விருந்து' என்னும் திரைப்படம் இதனையே காட்டுகிறது. நியூயார்க்கில் குடியேறிய சீன இளைஞன் மற்றோர் ஆடவனோடு இல்வாழ்க்கை நடத்துகிறான். பேரப்பிள்ளைக்கு ஏங்கும் பெற்றோரை நிறைவுசெய்ய, அமெரிக்காவில் தங்கும் உரிமை வேண்டி நிற்கும் ஷாங்காய் நகர ஓவியப் பெண்ணொருத்தியைப் பெயரளவில் மணக்கிறான். பெர்லின் விழாவில் தங்கக்கரடி விருதைப் பகிர்ந்துகொண்ட அப்படத்தில் சிரிப்பதற்கு நிறைய உண்டு. ஆனால் இறுதியில் வெளிப்படும் ஓர் உண்மை சிரிக்கத்தக்கதன்று. ஓய்வுபெற்ற படையதிகாரியான தந்தை எல்லாவற்றையும் அறிந்தே இருக்கிறார். அறிந்தும் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பொய்க்கு இடங்கொடாவிடில் பேரக்குழந்தை கிட்டாதென்பது அவர் கணக்கு.

அத்தகைய தந்தையர் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் இல்லையா? ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட லயத்து வீடுகளில் யாருக்கு எது தெரியாது? தெரிந்தேதான் பெண் தேடுகின்றனர், சாதகம் பார்க்கின்றனர், பொருத்தம் பத்தும் பார்க்கின்றனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறிய பத்து ஒப்புகளுள் காமவாயிலும் ஒன்றென வகுப்பில் விளக்கும் தமிழாசிரியரும், தம் வீட்டு மணத்தில் அதனை மட்டும் விட்டுவிடுவதே வியப்பு!

படத்துப் பெண்ணாவது உண்மையறிந்து உடன்பட்டவள். தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த உரிமையும் இல்லை. மகப்பேறில்லையென்னும் பழியும் அவள் தலைமேல்தான் விழும். 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, கணவன் கூட மறுத்ததைக் காட்டி அவள் மணத்தை நீக்கிக்கொள்ள இயலும். அதற்குத் தன் படுக்கையறையை நீதிமன்றத்தில் விரித்துரைக்க வேண்டும். எத்தனை பெண்கள் அதற்குத் துணிவர்?

அவன் முன்னரே சொல்லியிருக்கலாமே என்பர். எவ்வாறு சொல்வான்? மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 377-ஆம் பிரிவுகள் ஆடவர் இருவரின் உடலுறவுக்கு இருபதாண்டு வரை சிறையும் கசையடியும் விதிக்கின்றன. அச்சட்டத்தின் வேர் ஆங்கிலேயர் நட்டது. இங்கிலாந்து தன் மண்ணில் 1967-இலேயே அத்தகைய தடையைத் தளர்த்திக்கொண்டது. இந்திய உச்சநீதிமன்றம் 2018-இல் விலக்களித்தது. படத்து இளைஞனின் தைவானோ 2019-இல் ஒருபாலார் மணத்தையே ஏற்றது.

இங்கே சட்டம் மாறும்வரை வீடும் மாறக்கூடாதா? மணம் வேண்டாவென்னும் மகனை வற்புறுத்தாமல் விடுவதற்கு நாடாளுமன்றத்தின் இசைவு தேவையில்லை. எல்லாம் அறிந்த பெற்றோர், தாம்பூலத் தட்டோடு இன்னொருவர் வீட்டுப் படியேறாமல் இருப்பதற்கும் தேவையில்லை.