சுவரில் உழவன் படம் எதற்கு, வயலில் உழவன் இல்லாவிட்டால்?

முகையூர் ஒன்றிய விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

2025 ஜூலையில் நம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைத்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்துக் கொடுத்த பட்டம் அது. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்றே ஒன்று நம் மண்ணில். நமக்கும் பெருமைதான்.

ஆனால் பட்டம் வந்தால் பின்னாலேயே சுற்றுலாத் திட்டமும் வரும். உலகம் பூராவும் இப்போது அதில் ஒரு மோஸ்தர் இருக்கிறது. ஊர்களுக்கு நடுவே சைக்கிள் பாதை, பாதை ஓரமெல்லாம் சிலை, சுவரெல்லாம் ஓவியம். செஞ்சியில் ஆரம்பித்து கீழ்வாலை, முகையூர், அரகண்டநல்லூர், திருக்கோவிலூர் என்று வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு நம் ஏரிக்கரை மேலும் வரப்பு மேலும்தான் போகும். ஆபீசில் உட்கார்ந்து கோடு இழுக்கிறவர்கள் நம்மைக் கேட்டு இழுப்பதில்லை. கல் நட்ட பிறகு கத்துவது நம் பழக்கம். இந்த முறை கல் வருவதற்கு முன்னாடியே பேசிவிடுவோம் என்றுதான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் சைக்கிளுக்கு எதிரி இல்லை. சிலைக்கும் ஓவியத்துக்கும் எதிரி இல்லை. வெளியூர்க்காரன் வந்தால் மோர் கொடுத்து உட்கார வைக்கிற ஊர்கள் நம் ஊர்கள். நம் கேள்வி ஒன்றே ஒன்று: பாதை யார் நிலத்தில், யார் கையில்?

சைக்கிள் நமக்குப் புதுசா?

பால் கேன் கட்டிப் போவதும், உர மூட்டை ஏற்றி வருவதும், பிள்ளையை முன் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் விடுவதும் சைக்கிளில்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், நர்சுகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். கேலி பேசின ஊர் வாயை அடைத்தது அந்த இரண்டு சக்கரம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுத்ததும் நமக்குத் தெரியும்.

ஆகவே, "கிராமத்துக்கு சைக்கிள் கலாச்சாரம் கொண்டு வருகிறோம்" என்று யாராவது வந்து சொன்னால் சிரித்துவிடாதீர்கள், ஒரு கேள்வி கேளுங்கள். நம் பிள்ளைகள் லாரிக்கும் டிப்பருக்கும் ஒதுங்கி ஒதுங்கி சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்களே, அந்த ரோட்டோரம் ஓர் ஆறடி மண் பாதை போட இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை? சனி ஞாயிறு வருகிற சுற்றுலாக்காரனுக்குத் தோன்றுவது, தினம் போகிற நம் பிள்ளைக்குத் தோன்றாதா?

சித்திரம் நமக்குப் புதுசா?

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற வழியில் கீழ்வாலை இருக்கிறது. அங்கே பாறையில் செஞ்சாந்து நிறத்தில் மனித உருவங்கள் வரைந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின வேலை. மழை அழிக்கவில்லை, வெயில் அழிக்கவில்லை. சுற்று வட்டாரப் பாறைகளை வெடி வைத்து உடைத்த கல் உடைப்புத்தான் அதற்கு எமனாக வந்து நின்றது. பாதை ஓரம் புது ஓவியம் வரைய லட்சம் லட்சமாகச் செலவு செய்வார்களாம், பாட்டன் முப்பாட்டன் வரைந்ததைக் காக்க ஒரு காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க யோசிப்பார்களாம். இது என்ன நியாயம்?

அரகண்டநல்லூரில் பாறை மேல் நிற்கிற கோயில், எதிர்க்கரையில் திருக்கோவிலூர், ஆற்றுக்குள் கபிலர் உயிர் விட்டதாகச் சொல்லும் கபிலர் குன்று. ஊர் எல்லையில் ஐயனார் கோயில் மண் குதிரை, திரௌபதி அம்மன் கோயில் கூத்து. நம் வட்டாரத்தில் பொது இடத்தில் கலை இல்லாத ஊர் எது? ஊர் சேர்ந்து வரி போட்டு, ஊர் மண்ணில், ஊர்க் கைகள் செய்த கலை அது. இதற்கு மேலேயும் கலை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை எவனோ ஒரு காண்டிராக்டர் ஃபைபரில் அச்சு எடுத்துக்கொண்டு வந்து, ஏர் பிடித்த விவசாயி, நாற்று நடும் பெண் என்று நிறுத்திவிட்டுப் போனால், அது கலை இல்லை, பில்லு.

ஏரிக்கரை காலி இடம் இல்லை

சைக்கிள் பாதைக்கு முதலில் கண்ணில் படுவது ஏரிக்கரையும் வாய்க்கால் கரையும். பார்க்க அழகாக இருக்கும், பட்டா கிடையாது, நஷ்டஈடு கொடுக்க வேண்டாம். ஆனால் அந்தக் கரை நம் வண்டிப் பாதை. கரும்பு ஏற்றின டிராக்டர் அதில்தான் போகும். அறுப்பு மெஷின் அதில்தான் இறங்கும். மாடு அதில்தான் மேயும். அங்கே கல் பதித்து, வண்டி நுழையாதபடி தூண் நட்டு, நடுவில் ஒரு சிலையும் வைத்தால், பின்னால் இருக்கிற ஐம்பது ஏக்கருக்கு வழி எது? மதகைத் திறக்க ராத்திரியில் போகிறவன் எப்படிப் போவான்?

2024 டிசம்பரை மறந்துவிட்டோமா? ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் வந்தது. நெல்லுக்கு அரசு அறிவித்தது ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக்குமே பத்தாத காசு. வெள்ளம் வந்தால் ஊரைக் காப்பாற்றுவது கரை. அந்தக் கரையை அலங்கார மேடை ஆக்குவதற்கு முன்னால் பலப்படுத்துங்கள் என்கிறோம்.

கான்கிரீட் கொட்டினால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத் தளவானூரைக் காட்டுங்கள். தென்பெண்ணையில் சுமார் 25 கோடி ரூபாயில் 2020இல் கட்டி முடித்த தடுப்பணை, சில மாதத்திலேயே 2021 ஜனவரியில் உடைந்தது. தண்ணீரைத் தேக்க வேண்டிய அணைக்கே இந்தக் கதி என்றால், சிலைக்கும் பாதைக்கும் என்ன கதி?

இன்னொரு ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. 2013ஆம் வருஷத்து மத்திய நிலம் எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும், மக்களைக் கேட்க வேண்டும். ஆனால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001இன் கீழ் எடுத்தால் அந்த ஆய்வு கட்டாயம் இல்லை. இந்த விலக்கை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே, "நெடுஞ்சாலைத் துறை ரோட்டைக் கொஞ்சம் அகலப்படுத்துகிறோம், ஓரத்தில் சைக்கிள் பாதை" என்று இனிக்க இனிக்கப் பேசினால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

மற்ற இடங்களில் எப்படி?

இங்கிலாந்தில் கான்செட் என்று ஓர் ஊர். அங்கே இருந்த இரும்பு ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள். கைவிட்ட ரயில் பாதையை சைக்கிள் பாதை ஆக்கி, ஓரத்தில் சிலைகள் வைத்தார்கள். அதில் ஒன்று, சர்வேயர் வைத்துப் பார்க்கும் கருவியை எஃகில் பல மடங்கு பெரிதாகச் செய்து வைத்தது. நமக்கு அந்தக் கருவியை நிஜத்தில் பார்த்தாலே வயிறு கலங்கும்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் எடுத்தது ரயில் ஓடாமல் கிடந்த தடம். நெல் விளைகிற வயலை எடுக்கவில்லை.

ஜப்பானில் இனகடாதே என்ற கிராமம். 1993லிருந்து அந்த விவசாயிகள் ஊதா, மஞ்சள், பச்சை என்று வேறு வேறு நிறத் தாள் உள்ள நெல் ரகங்களை நட்டு, வயலையே ஓவியம் ஆக்குகிறார்கள். எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு லட்சக்கணக்கில் ஆள் வருகிறது, டிக்கெட் வாங்கி மேலே ஏறிப் பார்க்கிறது. வயலும் ஊரார் கையில், நடவும் ஊரார் கையில். அப்படி ஒரு கலை என்றால் நாம் நாளைக்கே நாற்று விட ரெடி.

நம் தமிழ்நாட்டிலும் இரண்டு விதமும் உண்டு. சென்னை கண்ணகி நகரில் 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் தீட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அங்கே இருப்பவர்கள், நகரத்து நடுவிலிருந்த குடிசைகளிலிருந்து கொண்டு வந்து விடப்பட்டவர்கள். வேலைக்குப் போகிற தூரத்தை வண்ணம் குறைக்குமா? மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். ராய் சவுத்ரி வடித்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். யாரையும் கிளப்பிவிட்டு வைத்த சிலை இல்லை. இன்றைக்கும் உழைக்கிறவன் அதன் முன்னே நின்று "இது நான்" என்று சொல்ல முடிகிறது. அதுதான் வித்தியாசம்.

பணம் யாருக்கு?

"சுற்றுலா வந்தால் உங்களுக்குத்தானே வருமானம்" என்பார்கள். மாமல்லபுரத்துக்கு 1984இலேயே உலகப் பட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஈசிஆர் ஓரம் நிலமெல்லாம் ரிசார்ட்டும் பங்களாவும் பிளாட்டும் ஆனதை நாம் கண்ணால் பார்த்தோம். நிலத்தை விற்றவன் அதே கேட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டு நிற்பதுதான் வளர்ச்சியா? நிலமும் கடையும் ஊரார் கையில் இருந்தால் வருமானம் ஊரில் தங்கும். இல்லையென்றால் தூசு மட்டும்தான் நமக்குத் தங்கும். இதைச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். சொல்லட்டும்.

நம் கோரிக்கைகள்

1. எந்தச் சுற்றுலாப் பாதைக்கும் பட்டா நிலத்தில் ஒரு சென்ட்கூட எடுக்கக் கூடாது. இப்போதுள்ள ஊர்ச் சாலைகளின் ஓரத்திலேயே பாதை அமைய வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வழிகளில் முதலில் போட வேண்டும்.

2. ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் விவசாய வண்டிகளைத் தடுக்கும் தூணோ சிலையோ வைக்கக் கூடாது. மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால் சீரமைத்த பிறகே கரையில் மற்ற வேலை.

3. கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. வரைபடமும் செலவுக் கணக்கும் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

4. கீழ்வாலைப் பாறை ஓவியங்களைச் சுற்றிக் கல் உடைப்புக்கு நிரந்தரத் தடை வேண்டும். உள்ளூர் ஆட்களையே காவலுக்குப் போட வேண்டும்.

5. சிலை, ஓவிய வேலைகளை நம் மாவட்டத்து மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் கல் தச்சர்களுக்கும் கொடுக்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் செய்தவன் பேர் இருக்க வேண்டும்.

6. பாதை நெடுக ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் கட்ட வேண்டும். அறுப்புக் காலத்தில் நெல்லும் மணிலாவும் காயும், மற்ற நாளில் கூத்து நடக்கும், சைக்கிள்காரனும் உட்கார்ந்து போவான். ரோட்டில் நெல் காய வைக்கிறோம் என்று நம்மைத் திட்டுவதும் நிற்கும்.

7. வாடகை சைக்கிள், டீக்கடை, தங்குமிடம் எல்லாம் உள்ளூர் மகளிர் குழுக்களுக்கே. வருமானத்தில் ஒரு பங்கு ஏரி மராமத்துக்கு.

இந்த ஏழையும் வரும் கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு முகையூர் ஒன்றிய அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். தேதியைக் கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து சொல்வார்கள். பஸ்ஸில் வர வேண்டாம், வேனும் வேண்டாம். எல்லோரும் சைக்கிளில் வாருங்கள். பால் கேன் கட்டின சைக்கிள், மண்வெட்டி செருகின சைக்கிள், பிள்ளைகளின் இலவச சைக்கிள் எல்லாம் வரட்டும். இந்த வட்டாரத்தின் சைக்கிள் பாதை யாருடையது என்று ஆபீஸ் வாசலில் காட்டுவோம்!

சிலை வரட்டும், நிலம் போகக் கூடாது!
ஓவியம் வரட்டும், ஏரிக்கரை உடையக் கூடாது!
ஊரைக் கேட்காமல் ஒரு கல்லும் நடாதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், முகையூர் ஒன்றியம்.