மடல் வாராவிட்டால் தமிழ் இல்லையா?

“இணையத்தில் தமிழ் இல்லை, தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை” என்று குறை கூறுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். இவர்களுள் தமிழாசிரியரும் உளர், மாணவரும் உளர். ‘சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம்’ என்னும் தொடரைக் கூகுள் விழிப்பூட்டலில் பதிந்து வைத்தோம். வாரங்கள் பல கடந்தும் மின்னஞ்சல் ஏதும் வரவில்லை. ஆகவே எழுதுவாரே இல்லை என்பது இவர்தம் முடிவு. இம்முடிவு பொருந்தாது, அதனினும் மேலாக, தமிழுக்குக் கேடு பயப்பதாகும்.

முதற்கண் இக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கூகுள் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவை, நாம் தரும் சொல்லுக்குரிய பக்கம் தேடுபொறியின் பார்வைக்குப் புதிதாக வருங்கால் அதனை மின்னஞ்சல்வழித் தெரிவிக்கிறது. உடனுக்குடனோ, நாளுக்கொரு முறையோ, வாரத்துக்கொரு முறையோ அதனைப் பெறலாம். மொழியையும் நாட்டையும் வரையறுக்கலாம். சிறந்தவை மட்டும் போதுமா, அனைத்தும் வேண்டுமா என்றும் தெரிவு செய்யலாம். இவ்வளவே அதன் பணி. அது ஏவல் செய்யுமேயன்றி ஆராய்ச்சி செய்யாது.

ஏவுகின்ற நாம் எவ்வாறு ஏவுகிறோம்? தொடரை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் கருவி அவ்வடிவத்தையே தேடும். எழுதியவர் வல்லின ஒற்றை விட்டுச் ‘சிங்கப்பூர் தமிழ் இலக்கியம்’ என்று எழுதியிருந்தால் அது நழுவிப் போகலாம். ‘இலக்கியம்’ என்பது ‘இலக்கியத்தை’ என்றும் ‘இலக்கியத்தில்’ என்றும் உருமாறும் மொழியன்றோ நம்முடையது! சிங்கப்பூரைச் ‘சிங்கை’ என்று எழுதுவோரும் பலர். மலேசியா அமைந்த 1963க்கு முற்பட்ட வரலாற்றைக் கூறுவோர் ‘மலாயா’ என்றே குறிப்பர். இவ்வடிவங்களைத் தனித்தனியே பதிந்து வைக்காமல், ஒரே தொடரைக் கொடுத்துவிட்டு, உலகமே ஊமையாயிற்று என்று புலம்புவது என்ன நியாயம்? புணர்ச்சியும் வேற்றுமையும் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியன என்று எண்ணும் மாணவர், அவை தேடலுக்கும் வழிகாட்டுவதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

மற்றொன்றும் நினைவில் நிறுத்தத்தக்கது. இக்கருவி புதியவற்றை அறிவிப்பது. பழையவற்றைத் தேடித் தருவதன்று. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்துள்ளது. அவற்றைக் காண விரும்புவோர் அங்கே சென்று புரட்ட வேண்டுமேயன்றி, மடலை எதிர்நோக்கிக் காத்திருத்தல் வீண்.

இனி, மடல் வாராமைக்கு நம் சோம்பலும் ஒரு காரணம் அன்று என்று மறுப்பார் உண்டோ? 1995இலேயே நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய நாடு சிங்கப்பூர். அத்தகைய முன்னோடிகளின் வழிவந்த நாமோ, விழா மலர்களையும் கட்டுரைத் தொகுப்புகளையும் அச்சிட்டு அடுக்கி வைக்கிறோம். ஏற்றினாலும் வெறும் படமாக ஏற்றி, எழுத்தைத் தேடுவார்க்கு எட்டாமற் செய்துவிடுகிறோம்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, ஒரு சொல்லின் பல வடிவங்களையும் பட்டியலிட்டுப் பதியும் பயிற்சியை வகுப்பறையில் தொடங்குங்கள். மாணவர் படைக்கும் நல்ல கட்டுரைகளை ஒருங்குறி எழுத்தில் இணையத்தில் ஏற்றுங்கள். நாம் எழுதாத பக்கத்தை எந்தப் பொறியும் நமக்கு அறிவிக்கப் போவதில்லை.