கடவுச்சீட்டு சொல்லாதது

வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ பல்லாண்டு உழைத்துத் திரும்பும் தொழிலாளர் பலருடைய தன்விவரக் குறிப்பில் அயல்நாட்டு வாழ்க்கை ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது: 'அபுதாபி, எட்டு ஆண்டுகள்.' அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அத்தாளைப் பெறும் மேலாளருக்கு, அவர் சென்றார், திரும்பினார் என்பதைத் தவிர அவ்வரி எதையும் உணர்த்துவதில்லை. அதனைக் கடவுச்சீட்டின் முத்திரையே சொல்லிவிடும். விளைவு, எட்டாண்டு உழைத்தவர் புதியவருக்குரிய ஊதியத்தில் மீண்டும் தொடங்க நேர்கிறது.

இது ஒரு சிலருடைய சிக்கல் அன்று. 2015-ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 இலட்சம் தமிழர் அயல்நாடுகளில் வாழ்வதாகக் கணக்கிட்டது. செல்வோருக்கு வழிகாட்டத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் திரும்பியோரின் திறன்களைப் பதிவு செய்ய நடுவண் அரசு 2020-இல் 'ஸ்வதேஸ்' என்னும் பதிவேட்டைத் தொடங்கியது. ஆயினும், கற்றதை எடுத்துரைக்கும் பணியை எந்தப் பதிவேடும் தொழிலாளருக்காகச் செய்துவிட முடியாது.

எதனை எடுத்துரைப்பது? நேபாளியர், வங்கத்தார், பிலிப்பைன்ஸ் நாட்டினர் அடங்கிய குழுவுக்குத் தலைமை ஏற்ற ஒரு வெல்டரை எண்ணிப் பார்க்கலாம். எரிவாயுக் குழாயருகே வேலை தொடங்குமுன் பாதுகாப்பு விதியை அவர்களுக்கு அவர் எவ்வாறு விளக்கினார்? தலையசைத்தவர் புரிந்துகொண்டு அசைத்தாரா, மேலவர்மீதுள்ள மதிப்பினால் அசைத்தாரா என்பதை எவ்வாறு அறிந்தார்? சொன்னதைச் செய்துகாட்டுமாறு கேட்டாரா? நோன்பு மாதத்தில் வேலை நேரத்தை எப்படி மாற்றி அமைத்தார்? பண்பாடு கடந்த திறன் என்பது இவ்விடைகளில்தான் இருக்கிறது. 'பல நாட்டவருடன் பழகும் திறன் உண்டு' என்று யாரும் எழுதிவிடலாம். 'மூன்று மொழி பேசும் பன்னிருவரை இரண்டாண்டு நடத்தினேன்; விதிகளைப் படமாக வரைந்து விளக்கினேன்' என்று எழுத, அதனைச் செய்தவரால் மட்டுமே இயலும்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இத்திறன் புதிதன்று. 1949-இல் பிரித்தானிய நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965-இல் உருவான விஜயந்தா பீரங்கி வண்டி பிரித்தானிய வடிவமைப்பைக் கொண்டது. பின்னர் அங்கேயே சோவியத்து வடிவமைப்பிலான டி-72 உருவாயிற்று. பிறநாட்டார் வரைபடத்தைப் படித்து, அவர்தம் அளவையும் முறையையும் உள்வாங்கி, நம் கைப்பழக்கத்தோடு பொருத்தியவர்கள் இவ்வட்டாரத் தொழிலாளரே. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால், 1998 முதல் கார் உற்பத்தி செய்துவரும் கொரிய நிறுவனத்தின் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் நிற்கிறது. இன்றோ அம்பத்தூரின் சிறு பட்டறைகளிலும் ஒடிசா, பீகார் தொழிலாளர் பணிபுரிகின்றனர். துபாயில் பன்மொழிக் குழுவை நடத்தியவரின் தேவை கடல் கடந்தால்தான் உண்டு என்பதில்லை. அடுத்த தெருவிலேயே உண்டு.

இதில் வேலை வழங்குவோரின் குறையும் சிறிதன்று. பொறியாளர் ஓராண்டு ஜெர்மனியில் இருந்தால் அது 'பன்னாட்டு அனுபவம்'. வெல்டர் பத்தாண்டு கத்தாரில் இருந்தால் அது வெறும் 'ஒப்பந்த வேலை'. இவ்வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் தென்படவில்லை. 'அங்கே எவ்வளவு சம்பளம்?' என்னும் வினாவோடு நேர்காணலை முடித்துக்கொள்ளும் மேலாளர், தம் ஆலைக்குப் பயன்படக்கூடிய ஒருவரைக் கேளாமலே அனுப்பிவிடுகிறார்.

விண்ணப்பிப்பவரும் ஒன்றில் கவனமாக இருத்தல் நலம். 'அங்கெல்லாம் இப்படி இல்லை' என்று வாக்கியந்தோறும் தொடங்குவோரை எந்தப் பட்டறையும் விரும்பாது; பிறரோடு ஒத்துப்போகும் திறன் உள்ளூரிலும் சோதிக்கப்படுகிறது அன்றோ! சொல்வதற்குச் சான்றும் தேவை. பணிச்சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மேற்பார்வையாளரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை விமானம் ஏறுமுன்பே பெற்றுவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து, தொழிலாளர் முகாமும் கலைந்தபின், அவற்றை ஆவடியிலிருந்து கேட்டுப் பெறுவது எளிதன்று.