யாரும் பார்க்காவிட்டால்?

கோடை விடுமுறை வந்துவிட்டால், மும்பையில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் ஊர் நோக்கிப் புறப்படுவது வழக்கம். திரும்பும்போது முறுக்கும் ஊறுகாயும் அப்பளமும் பெட்டிகளை நிறைக்கும். சென்ற ஆண்டு விருதுநகரிலிருந்து புறப்படுமுன், பேரப்பிள்ளைகளின் தீபாவளிக்கென்று சிவகாசிப் பட்டாசும் ஒரு பெட்டி வாங்கினோம். அதனைப் புடவைகளுக்கு நடுவே மறைத்து வைத்தவரும் நாமே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

எட்டு வயதுப் பேரன் அதைக் கண்டுவிட்டான். "தாத்தா, இரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாதென்று ஸ்டேஷனில் எழுதியிருந்ததே?" என்றான்.

"ஆமாம் கண்ணா, போலீஸ்காரர் பார்த்தால் பிடித்துக்கொள்வார். நீ வாயைத் திறக்காதே" என்றோம்.

"அப்படியானால், யாரும் பார்க்காவிட்டால் கொண்டுபோகலாமா, தாத்தா?"

விடை கூற நமக்கு நா எழவில்லை. விதி என்பது போலீஸ்காரருக்கு மட்டுமே உரியது என்று நாமே அன்றோ அவனுக்குக் கற்பித்துவிட்டோம்! நாளை அவன் வளர்ந்து, மேம்பாலம் ஏறச் சோம்பித் தண்டவாளத்தைக் கடக்க எண்ணுவான். அங்கே காவலர் எவரும் நிற்கவில்லையென்றால், அவனைத் தடுப்பது எது?

ஆகவே அவனை அருகில் அமர்த்திக் காரணத்தை விளக்கினோம். பட்டாசு மருந்தில் எரியும் பொருளோடு, அது எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தரும் உப்பும் கலந்திருக்கிறது. அதனால் மூடிய பெட்டிக்குள்ளும் அது எரியவல்லது; உராய்வோ ஒரு பொறியோ போதும். ஓடும் வண்டியிலோ காற்று தீயை வளர்க்கும். இறங்கித் தப்பவும் இயலாது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 அன்று விடியற்காலையில் மதுரையில் நிகழ்ந்ததையும், குழந்தை அஞ்சாத அளவில் கூறினோம். இலட்சுமணபுரியிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிப்பெட்டி அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்ட சமையல் எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தனர். நின்ற வண்டியிலேயே அவ்வளவு கேடு!

"பக்கத்துப் பலகையில் ஒரு பாப்பா தூங்கினால், அதற்கும் ஆபத்துத்தானே, தாத்தா?" என்றான் பேரன். 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், அபாயகரமான பொருளைச் சட்டவிரோதமாகக் கொண்டுசெல்வோர்க்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. அந்தச் சட்டத்தின் கருத்தை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

பட்டாசுப் பெட்டியை உறவினர் வீட்டிலேயே விட்டு வந்தோம். கொடுத்த காசு வீணாயிற்றே என்ற வருத்தம் சிறிது இருந்தது உண்மையே.

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இதுதான். தவழும் குழந்தை அடுப்பருகே போனால் காரணம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் கையைப் பற்றி இழுக்க வேண்டும். கேள்வி கேட்கும் வயது வந்தபின், 'கூடாது' என்பதோடு நில்லாமல், அவ்விதி யாரைக் காக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் நமக்கே தெரியாவிடில், தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கேட்டறிந்து சொல்வதில் இழுக்கில்லை. ஆராய்ந்து பார்த்தபின் காரணமே இல்லாத வீட்டு விதியானால், அதனைக் கைவிடுவதே நேர்மை. யாவற்றுக்கும் மேலாக, நாம் மீறும் விதியைப் பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்த்தல் ஆகாது.

வண்டி புறப்பட்டபோது, எதிர்ப்பலகையில் உண்மையாகவே ஒரு தாய் தன் கைக்குழந்தையை உறங்க வைத்துக்கொண்டிருந்தாள். பேரன் அக்குழந்தையைப் பார்த்தான். பின் நம்மைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. பெட்டியில் பட்டாசு இல்லையென்ற நிம்மதியோடு நாமும் அன்றிரவு கண்ணயர்ந்தோம்.